ஸ்டே பஸ்ஸும் கலெக்‌ஷன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ராத்திரி வந்து ஊரிலேயே தங்கி, விடியும் முன்னே கிளம்பும் அரசு ஸ்டே பஸ் ஒன்று எங்களுக்கு உண்டு. இப்போது அது சில நாள் வருகிறது, பல நாள் வருவதில்லை. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்றால், காலையில் பஸ் இல்லை என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். டெப்போவில் கேட்டால் ஒரு தடவை "டிரைவர் இல்லை" என்கிறார்கள். இன்னொரு தடவை "அந்த டிரிப்பில் கலெக்‌ஷனே இல்லையே" என்கிறார்கள்.

வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸுக்கு எங்கிருந்து கலெக்‌ஷன் வரும்? வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் காத்து நிற்காமல் யார் பைக்கிலாவது தொற்றிக்கொள்கிறார்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிற சர்க்கரை நோயாளிகள் பாடு இன்னும் மோசம். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் பசி மயக்கத்தோடுதான் போய்ச் சேர வேண்டும். செவிலியரும் ரேஷன் கடைக்காரரும் டீச்சரும் மேலே வருவதும் இதே பஸ் திரும்பி வரும்போதுதான். அது நின்றால் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் அன்றைக்குத் தாமதம்.

இன்னொன்று. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. அந்தப் பயணங்களுக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசே மானியமாகத் தருகிறது. அப்படியிருக்க, கண்டக்டர் பையில் விழும் காசை மட்டும் பார்த்து ஒரு டிரிப்பை எடை போடலாமா? எங்கள் பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள்தான். பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்குக் காசு எடுத்து வைப்பதும் அவர்கள்தான்.

2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். சாய்ந்த கம்பம் எல்லோர் கண்ணிலும் பட்டது, ஆள் வந்தது, வேலை நடந்தது. பஸ் நின்றுபோவது அப்படித் தெரிவதில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமை டிரிப் நின்றுபோகும், அப்புறம் மத்தியான டிரிப். கடைசியில் ஸ்டே பஸ்ஸையும் எடுத்துவிட்டு, ஆளே ஏறவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

நவம்பர் 1 நம் மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். 2022 முதல் அதே நாளையொட்டி உள்ளாட்சிகள் தினக் கிராம சபையும் நடக்கிறது. டெப்போவிலிருந்து யாராவது அந்தச் சபைக்கு வந்து, அந்தந்த ஊருக்கு ஓடிய டிரிப் எத்தனை, ரத்தான டிரிப் எத்தனை என்று படித்துக் காட்டட்டும். எந்த டிரிப்பையும் நிறுத்தும் முன் சபையில் கேட்கட்டும். மலையடிவாரத்தில் பல ஊர்கள் பேரூராட்சிக்குள் வருகின்றன. அங்கே கிராம சபை இல்லை என்று சொல்லித் தப்பிக்காமல், பேரூராட்சிக் கூட்டத்தில் வைக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி: ஸ்டே பஸ் வராது என்றால் அன்று சாயங்காலமே ஊருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஆட்டோவாவது பேசி வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.