காட்டு விலங்கின் காயம்: விலகி நிற்பதும் நெருங்குவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காயமடைந்த காட்டு விலங்குகளைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஒரு காலை ஊன்ற முடியாமல் நடக்கும் யானை, முகம் கிழிந்த சிறுத்தை, கழுத்தில் கம்பி இறுகிய மான் என்று படங்கள் வெளியாகும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து இரண்டு குரல்கள் எழுகின்றன. உடனே பிடித்து மருத்துவம் செய்ய வேண்டும் என்பது ஒன்று; இயற்கை பார்த்துக்கொள்ளும், தலையிடக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கறையில் பிறந்தவை. ஆனால் அந்தக் காயம் எத்தகையது என்று இரண்டு தரப்பாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் இந்த விவாதத்தில் ஒரு முடிவுக்கு வர இயலாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விலங்குகளின் உடல் எவ்வளவு பெரிய சேதத்தையும் தாங்கக் கூடியது என்பதற்கு எலும்புகளே நல்ல சாட்சி. 1930களின் பிற்பகுதியில் தாய்லாந்துக் காடுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்தார். வளர்ந்த கிப்பன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலில், எப்போதோ முறிந்து தானாகவே கூடிய எலும்பு இருந்தது. உயர்ந்த மரங்களில் கிளைக்குக் கிளை கைகளால் தாவும் உயிரினம் எத்தனை முறை தவறி விழுந்து, அதன் பின்னும் மீண்டும் மரமேறி வாழ்ந்திருக்கிறது என்பதை அந்த எலும்புகள் சொல்கின்றன. கட்டுப்போட ஆளில்லாத இத்தகைய முறிவுகளில், உடைந்த முனைகள் பல நேரம் நேராகப் பொருந்துவதில்லை. அவை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நழுவி நிற்க, சுற்றிலும் கட்டிய இரத்தம் குருத்தெலும்பாகி, அந்தக் குருத்தெலும்பு எலும்பாகி, முடிச்சுப்போலத் திரண்டு இரண்டையும் பிணைத்துவிடுகிறது. கால் சற்றுக் குட்டையாகும், நடை கோணலாகும், உயிர் மட்டும் நிலைக்கும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. நம் கண்ணுக்குத் தெரிபவை பிழைத்தவை மட்டுமே. விழுந்த இடத்திலேயே மடிந்தவற்றின் எலும்புகள் எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேர்வதில்லை.

ஓங்கில்களின் (டால்பின்களின்) உடலில் நடப்பது இன்னும் வியப்பானது. சுறா கடித்துக் கையளவு சதையை எடுத்துச் சென்ற பிறகும், அவை இரத்தப்போக்கால் இறக்காமல், உப்பும் நுண்ணுயிர்களும் நிறைந்த கடல் நீரிலேயே நீந்தி, சில வாரங்களில் அந்தக் குழியைப் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே நிரப்பிக்கொள்கின்றன. மைக்கேல் ஸாஸ்லாஃப் என்ற மருத்துவ அறிஞர் 2011 இல் இதைப் பற்றி எழுதியபோது சில விளக்கங்களை முன்வைத்தார். ஆழத்தில் மூழ்கும்போது உடலின் வெளிப்பகுதிக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும் அதே ஏற்பாடு, கடிபட்ட நேரத்திலும் குருதி வீணாகாமல் காக்கக்கூடும். தோலுக்கடியிலுள்ள தடித்த கொழுப்பில் நுண்ணுயிர்களை அடக்கும் பொருள்கள் இருக்கக்கூடும் என்பது அவருடைய கருத்து. கரடிகளுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்கக் கருங்கரடிகள் குளிர்காலம் முழுவதும் உண்ணாமல், பருகாமல், உடல் வெப்பமும் இதயத் துடிப்பும் குறைந்த நிலையில் உறங்கிக் கிடக்கும்போதே அவற்றின் தோல் காயங்கள் சிறிதளவே வடு விட்டு ஆறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சேற்றிலும் அழுகிய நீரிலும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்ளும் முதலைகள் சீழ்பிடித்து மடியாமல் இருப்பதற்கு, அவற்றின் இரத்தத்திலேயே உள்ள வலுவான நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒரு காரணம்.

உடல் செய்வதோடு விலங்கு தானாகச் செய்துகொள்வதும் உண்டு. சுமத்ராவின் குனுங் லூசர் தேசியப் பூங்காவில் ராக்கூஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஆண் ஒராங்குட்டான் ஒன்று 2022 ஜூனில் கன்னத்தில் கிழிந்த புண்ணோடு காணப்பட்டது. அது ஒரு கொடியின் இலைகளை மென்று, சாற்றை விரலால் எடுத்துப் புண்ணில் திரும்பத் திரும்பத் தடவியது. பிறகு மென்ற இலையையே புண் மறையும்படி அப்பிக்கொண்டது. அந்தப் பகுதி மக்கள் வலிக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுத்துகிற கொடி அது. ஐந்து நாட்களுக்குள் புண் மூடிக்கொண்டது. காயம்பட்ட நாட்களில் ராக்கூஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓய்வெடுத்தது என்றும் குறித்திருக்கிறார்கள். மருந்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். எனக்கோ அந்த ஓய்வும் அதே அளவு முக்கியமாகப் படுகிறது.

எறும்புகளைக்கூட இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் மெட்டபெலே எறும்புகள் கறையான்களை வேட்டையாடப் போய்க் கால்களை இழக்கும்போது, கூட்டத்தார் அவற்றைப் புற்றுக்குத் தூக்கிவந்து காயத்தை நக்கிச் சுத்தம் செய்கின்றன. ஆய்வில் அந்தக் கவனிப்பு கிடைக்காதவற்றில் 80 சதவீதம் ஒரே நாளில் இறந்தன. கிடைத்தவற்றில் இறந்தவை 10 சதவீதமே. ஐந்து கால்களை இழந்த எறும்பு தூக்குவதற்கு ஒத்துழைக்காமல் துடித்துக்கொண்டே இருப்பதால் அது மட்டும் களத்திலேயே விடப்படுகிறது.

ஆனால் உயிர் பிழைப்பது வேறு, பழைய வாழ்க்கை திரும்புவது வேறு. வாலைத் துண்டித்துத் தப்பிய பல்லிக்குப் புதிய வால் முளைக்கும். அதனுள் முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்பாலான தண்டு மட்டுமே இருக்கும், பழைய வாலில் சேர்த்துவைத்த கொழுப்பும் போய்விட்டிருக்கும். இலை தின்னும் விலங்கு ஓரிடத்தில் நின்றே நாளைக் கழித்துவிடலாம், வேட்டை விலங்குக்கு அந்த வசதி கிடையாது. 1907 இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட, சம்பாவத் பகுதியின் ஆட்கொல்லிப் பெண்புலியின் வலப்புறக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது என்றும் அவர் கருதினார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மேலே கண்ட மீட்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. காயம் ஒருமுறை நேர்ந்து முடிந்துவிட்டது; அதன் பிறகு ஆறுவதற்கு உடலுக்கு அவகாசம் கிடைத்தது. கொம்பு குத்துவதும் பல் கிழிப்பதும் கிளை முறிவதும் அப்படிப்பட்டவை. சுருக்குக் கம்பி அப்படியல்ல. காலில் மாட்டிய கம்பியை விலங்கு அறுத்துக்கொண்டு தப்பினாலும் வளையம் மணிக்கட்டிலேயே தங்கிவிடுகிறது. சதை வீங்குகிறது, வீங்க வீங்கக் கம்பி உள்ளே புதைகிறது, மேலே தோலும் மயிரும் மூடிக்கொள்வதால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் வீக்கமாகவே தெரிகிறது. உள்ளே இரத்த ஓட்டம் நின்று, புண் எலும்புவரை புரையோடி, சில வேளைகளில் பாதம் முழுவதுமாக அழுகி விழுந்த பிறகே முடிகிறது. கடல்நாய்க் குட்டியின் கழுத்தில் சிக்கும் மீன்வலைத் துண்டும் இதே வகைதான்: குட்டி வளர்கிறது, வளையம் வளர்வதில்லை. நாள்தோறும் புதிதாக நேர்ந்துகொண்டே இருக்கும் காயத்தை எந்த உடலாலும் ஆற்ற முடியாது.

இதிலும் பிழைத்தவை உண்டு. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சுருக்குகளால் கை முடங்கிய சிம்பன்சிகள், உதடுகளையும் கால்களையும் மறு கையையும் துணைகொண்டு, நலமான சிம்பன்சிகளைப் போலவே இலைகளைப் பறித்து மடித்து உண்ணப் பழகிக்கொண்டன. அதே நாட்டில் பொறியில் சிக்கி ஒரு காலை இழந்த ஜேக்கப் என்ற சிங்கம், தன் உடன்பிறப்போடு இரவில் 1 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்வழியை நீந்திக் கடந்தது 2024 இல் பதிவாகியது. இவற்றைப் போற்றலாம்; ஆனால் மூன்று காலில் வாழ்கிறதே என்று நாம் நெகிழ்வது, அந்தக் காலைப் பறித்த பொறியை மறக்கச் செய்யக் கூடாது.

ஆகவே, மனிதர் மாட்டிய பொருள் உடலில் தங்கியிருந்தால், தேர்ச்சி பெற்ற கால்நடை மருத்துவர் மயக்க ஊசி செலுத்தி அதை அகற்றுவதில் தாமதம் கூடாது. மற்றபடி, தானாக உண்டும் நீர் அருந்தியும் நடமாடும் விலங்கைப் பெரும்பாலும் தொலைவிலிருந்து கண்காணிப்பதே அதற்குச் செய்யும் உதவி. விரட்டிப் பிடிப்பதே சில வேளைகளில் உயிரைப் பறிக்கும். மிரண்டு ஓடிய விலங்கின் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, மருத்துவம் முடிந்து சில நாட்கள் கழித்தும் அது இறந்துபோகலாம். பயந்த விலங்கு வலியை மறைத்து எழுந்து நிற்கும் என்பதால், கூட்டத்தின் நடுவே அது நன்றாக நடந்தது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யவும் இயலாது.

தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய செய்தியை வெளியிடும்போது, காயத்தில் கம்பியோ வலையோ தங்கியிருக்கிறதா, விலங்கு உண்கிறதா, முதலில் எப்போது பார்க்கப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் கேட்டு எழுதுங்கள். ஆனால் அது நிற்கும் இடத்தை அச்சிடாதீர்கள். இடம் தெரிந்த மறுநாளே அங்கே கூட்டம் கூடிவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்