அக்கா, அடுத்த சுற்றுக்கும் உங்கள் அட்டை வர வேண்டும்

அன்புள்ள அக்கா,

கையால் அச்சிட்ட புகைப்படங்களை அஞ்சலட்டைகளாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் நம் அஞ்சலட்டைச் சுற்றிலிருந்து விலகிக்கொள்வதாக நீங்கள் எல்லோருக்கும் எழுதியதைப் படித்தேன். இரவெல்லாம் இருட்டறையில் நின்று அச்சிட்டு, கழுவி, உலர்த்தி அனுப்பும் பிரிண்டுகள் கீறலும் மையுமாகப் போய்ச் சேருகின்றன, இனி மனம் வரவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். உங்களுக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். சுற்றில் இருப்பவர்களும், சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். தம்பி என்ற உரிமையில் எடுத்துக்கொண்ட சுதந்திரம் இது.

கீறலும் ஓர் அழகுதான், அது பயணத்தின் தடம் என்று சிலர் உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீறல் கீறல்தான். பார்த்துப் பார்த்து அளந்து கொண்டுவந்த ஒரு சாம்பல் நிறத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தால் அது நஷ்டம்தான். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நீங்கள் விலகக் கூடாது. நீங்கள் போனால் இந்தச் சுற்றில் என்ன இல்லாமல் போகும் என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு வந்த உங்கள் அட்டையை மேஜை விளக்கின் கீழே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் வெளிச்சம் விழும் மாடிப்படி. மேல் மூலை லேசாக மடங்கியிருக்கிறது. வெளிச்சம் படும் சுவரின் மீது மெல்லிய கீறல் ஒன்று, அதற்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குக் கருநீல மை. இவ்வளவுதான் சேதம். இதே படத்தை முன்பு நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பி, திரையில் பார்த்திருக்கிறேன். அப்போது படிகளுக்கு அடியில் வெறும் இருட்டுதான் தெரிந்தது. அட்டையைக் கையில் எடுத்துச் சற்றே சாய்த்தபோதுதான் அந்த இருட்டுக்குள் ஒரு குடை சாய்ந்து நிற்பது தெரிந்தது. அதன் வளைந்த பிடியில் ஓர் ஒளிக்கீற்று. அந்த ஒளிக்கீற்றுக்கும் அதைச் சுற்றியிருக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனை படிநிலைகள்! கறுப்பு எங்குமே அடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் எங்குமே வெளிறவும் இல்லை.

திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் உங்கள் பென்சில் குறிப்பு: 00 வடிகட்டியில் 9 வினாடி, 5 வடிகட்டியில் 6 வினாடி, லென்ஸ் எஃப் 16, செலினியம் 1:20. வடிகட்டிக்கு ஏற்ப மென்மையும் கடினமும் மாறும் மல்டிகிரேட் காகிதத்தில் மென்மைக்கு ஒரு வெளிச்சம், கடினத்துக்கு ஒரு வெளிச்சம் என்று பிரித்துக் கொடுக்கலாம் என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. 00 என்ற மஞ்சள் வடிகட்டி மென்மையான சாயைகளைத் தரும், 5 என்ற மெஜந்தா வடிகட்டி கறுப்பை இறுக்கும் என்பதும் தெரிந்ததுதான். நானும் படித்திருக்கிறேன், செய்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சரியாகச் செய்தால் காகிதத்தில் என்ன நடக்கும் என்பதை உங்கள் அட்டையைக் கையில் பிடித்த பிறகுதான் கண்டேன். சுவரின் வெளிச்சத்தை 00 தனியாகக் கவனித்துக்கொள்கிறது. குடைப்பிடியைச் சுற்றியிருக்கும் கறுப்பை 5 பார்த்துக்கொள்கிறது. கடைசியில் பிரிண்டைத் தோய்த்தெடுக்கும் செலினியம் கரைசல் அந்தக் கறுப்பை இன்னும் ஒரு படி ஆழமாக்கியிருக்கிறது. அன்றிரவே என் பழைய நெகட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டு வடிகட்டிகளுக்கும் தனித்தனியே, நேரத்தைக் கணிக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு மறுபடி அச்சிட ஆரம்பித்தேன். எனக்கு இருட்டறை வேலை கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. நம் சுற்றில் பெரும்பாலானவர்களின் நிலையும் அதுதான். எங்களுக்கு வாத்தியார் என்றால் தபாலில் வரும் நல்ல பிரிண்டுதான்.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இருட்டறையில் நாம் எடுக்கும் வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட் ஒன்றின் கறுப்பைத் திரை காட்டாது. திரை தானே ஒளிரும் பொருள், பிரிண்டோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. கண்காட்சிக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால், ஓரடி தள்ளி நின்று பார்க்கலாம். கையில் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்து, பின்பக்கம் திருப்பி, அச்சிட்டவர் என்ன செய்தார் என்று அவர் கையெழுத்திலேயே படிக்கும் வாய்ப்பு அஞ்சலட்டையில்தான் இருக்கிறது. குடைக்கு அருகே கீறல் எதுவும் இல்லை, அக்கா. சுவரில் விழுந்த கீறல் எனக்கு எதையும் மறைக்கவில்லை.

அட்டை என்பதால் வரும் வேறு சில சங்கடங்களும் இருக்கின்றன. புதியவர்கள் இதை அறிந்துகொண்டால் நல்லது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் 24க்கு 36 என்ற விகிதமும், 10க்கு 15 சென்டிமீட்டர் அட்டையின் விகிதமும் ஒன்றே. எதையும் வெட்டாமல் முழு நெகட்டிவும் உட்காரும். ஆனால் பெருக்கம் நான்கு மடங்குதான் என்பதால் நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் என்லார்ஜரின் தலையை வெகுவாகத் தாழ்த்த வேண்டியிருக்கும். வெளிச்சம் பலமாகிவிடும், இரண்டு மூன்று வினாடியில் காகிதம் நிரம்பிவிடும். அந்த நேரத்துக்குள் டாட்ஜிங் செய்ய, அதாவது ஒரு பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தை மறைக்க, கைக்கு அவகாசம் ஏது? நீங்கள் லென்ஸை எஃப் 16 வரை சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்ததன் காரணம் அதுதான் என்று பார்த்த உடனே புரிந்தது. இவ்வளவு சிறிய படத்தில் நிழலை மறைக்க விரல்கூடப் பெரிது. கம்பி முனையில் பயறளவு அட்டைத்துண்டு ஒட்டிக்கொண்டால்தான் முடியும்.

இன்னொன்று, ஒரே படத்தைச் சுற்றில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி அச்சிடுவது. ஒரு நல்ல பிரிண்டைச் சில சமயம் அதிர்ஷ்டம் தந்துவிடும். அதே பிரிண்டைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால் குறிப்பும் ஒழுங்கும் இல்லாமல் ஆகாது. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் களைத்துக்கொண்டே போகும், கடைசி அட்டையில் கறுப்பு மெலியும். முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் உலர்ந்த பிறகு அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் காகிதமாக இருந்தால் உலரும்போது படம் சற்றுக் கறுக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தட்டில் பல தாள்களை ஒன்றாகப் போட்டுப் புரட்டினால் ஒன்றின் கூர்முனை இன்னொன்றின் ஈர எமல்ஷனை, அதாவது படம் இருக்கும் பூச்சை, கிழித்துவிடும். நமக்கு வரும் கீறல்களில் சில தபாலில் விழுந்தவை அல்ல, இப்படித் தட்டிலேயே விழுந்தவை என்பது என் சந்தேகம். முதுகோடு முதுகு சேர்த்து இரண்டிரண்டாகப் போடுவதுதான் எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

உங்கள் அட்டையில் பட்ட மையைப் பற்றியும் யோசித்தேன். ஆர்.சி. காகிதத்துக்கு இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. தபால் முத்திரையின் மை அதன் முதுகில் சட்டென்று காயாது. அப்படி ஓர் அட்டை உங்கள் அட்டையின் முகத்தோடு சேர்ந்து கட்டில் கிடந்திருக்க வேண்டும். உங்களுடையது ஃபைபர், அது முதுகில் விழுந்த மையைக் குடித்துவிடும், யார் முகத்திலும் பூசாது. அடுத்தவரின் அட்டையிலிருந்து வந்த கறை உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூலை மடங்கியது தபாலைப் பிரித்து அடுக்கும் இயந்திரத்தின் வேலையாக இருக்கலாம். சில நாடுகளில் அந்த இயந்திரங்கள் ஆரஞ்சு நிறக் கோடுகளை அச்சிடுவதும் உண்டு. அஞ்சலட்டையில் எது முகம், எது முதுகு என்ற கவலை இயந்திரத்துக்குக் கிடையாது.

உறையில்லாமல்தான் அனுப்ப வேண்டும் என்ற நம் விதியை முதலில் ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போதும் அது எனக்குப் பிடித்தமானதுதான். முகவரியும் தபால்தலையும் படமும் ஒரே தாளில் இருப்பதில் ஒரு முழுமை இருக்கிறது. ஆனால் விதிக்காக உங்களை இழப்பதா, உங்களுக்காக விதியைத் தளர்த்துவதா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை, தளர்த்துவதுதான். செலினியத்தில் டோன் செய்த ஃபைபர் அட்டைகள், நீர்த்த டெவலப்பரில் மெல்ல எடுக்கும் லித் பிரிண்டுகள் போன்றவற்றை உறையிலிட்டு அனுப்பலாம் என்று மாற்றிக்கொள்வோம். ஆர்.சி. அட்டைகள் வெளியிலேயே போகட்டும். அவற்றிலும் பளபளப்பைவிட முத்துப் பரப்பு நல்லது, சின்ன உரசல்கள் கண்ணில் படா. மெழுகு தேய்ப்பதும் ஒரு வழி. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் படிகாரம் சேர்த்தால் ஜெலட்டின் இறுகி உரசலைத் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கழுவும் நேரம் கூடும், டோனிங்கும் மந்தமாகும். உங்கள் முறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையில் எனக்குக் கீறலைவிடப் பெரிய பயம் வேறு. கழுவாத பிரிண்டுகள். 1819இல் ஜான் ஹெர்ஷல் ஃபிக்ஸருக்கு மூலமான ஹைப்போ என்ற உப்பின் குணத்தைக் கண்டறிந்தார். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும். 1839இல் அது புகைப்படத்துக்கு வந்தபிறகுதான் படங்கள் வெளிச்சத்தில் நிலைத்தன. அதே ஹைப்போ காகிதத்துக்குள் தங்கிவிட்டால் படத்தையே மெல்ல அரித்து மஞ்சளும் பழுப்புமாக ஆக்கிவிடும். ஆர்.சி. காகிதத்துக்கு இரண்டு நிமிடம் ஓடும் நீர் போதும். ஃபைபருக்கு நிறைய நேரம் தேவை, அதை வெட்டிச் சுருக்க நினைப்பவர்கள் நம் சுற்றிலும் இருக்கிறார்கள். எனக்கு வந்த சில அட்டைகளின் ஓரங்கள் இப்போதே நிறம் மாறத் தொடங்கிவிட்டன. தபாலில் எந்தக் காயமும் படாமல், வெள்ளை வெளேரென்று வந்து சேர்ந்த அட்டைகள் அவை! உங்களுடையவை அப்படி ஆகா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

இது நாம் கண்டுபிடித்த பழக்கம் அல்ல என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியில் வந்தபோது அதில் படமே இல்லை. 1903இல் கோடக் நிறுவனம் 3ஏ ஃபோல்டிங் பாக்கெட் கோடக் கேமராவைக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவே ஏறக்குறைய அஞ்சலட்டை அளவு, மூன்றேகால் அங்குலத்துக்கு ஐந்தரை. என்லார்ஜர் வேண்டாம். முதுகில் அஞ்சலட்டைக் கோடுகள் அச்சிட்ட காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால் போதும். வெள்ளம், தீ விபத்து, புதிதாகக் கட்டிய வீடு, பிறந்த குழந்தை என்று கண்டதையெல்லாம் சாதாரண மனிதர்கள் தாங்களே அச்சிட்டு, தபால்தலை ஒட்டி, உறையில்லாமல் அனுப்பினார்கள். முதுகில் ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு என்ற ஏற்பாடு பிரிட்டனில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும்தான் வந்தது. அதற்கு முன் செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே எழுதவேண்டும். பழைய அட்டைகளைச் சேகரிப்பவர்கள் தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ஏஸோ என்ற கோடக் காகிதத்தின் பெயரைச் சுற்றி இருக்கும் சிறு முக்கோணங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை வைத்து அட்டையின் காலத்தைக் கணிப்பார்கள். ஒழுங்காக ஃபிக்ஸ் செய்து, கழுவப்பட்டவை நூறு ஆண்டு தாண்டியும் கறுப்புக் குறையாமல் இருக்கின்றன. 2005இல் கோடக் தன் கறுப்பு-வெள்ளைக் காகித உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஏஸோவும் அதோடு போயிற்று. இல்ஃபோர்டு போன்றவர்கள் இன்னும் முதுகில் அஞ்சலட்டைக் கோடுகளோடு மல்டிகிரேட் காகிதம் தயாரிப்பதால்தான் நம்மில் பலருக்கு இந்த வேலை சுலபமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "யாரும் இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கிறோம், அக்கா. கிடைத்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, குடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்தது எங்கள் பழக்கக் குறை. நமக்குள் அட்டைகள் போகின்றன, அட்டைகளைப் பற்றிய பேச்சு போவதில்லை. இதையும் அடுத்த சுற்றில் மாற்றவேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் வாங்கியவர் இரண்டு வரியாவது, படத்தைப் பற்றி அல்ல, அச்சைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். நிழல் சரியா, வெளிச்சத்தில் விவரம் இருக்கிறதா, காகிதத்தின் தேர்வு பொருந்துகிறதா என்று எழுதட்டும்.

நான் அடுத்த சுற்றுக்கு எடுத்திருப்பது நீர்த்தொட்டியின் படம். நீருக்கு அடியில் இருக்கும் கற்களின் கறுப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 5 வடிகட்டியில் நேரத்தைக் கூட்டினால் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, குறைத்தால் நீர் பால் கலந்ததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு விதமாகவும் அச்சிட்டு, இரண்டையும் உங்களுக்கு உறையிலிட்டு அனுப்புகிறேன். எது தேறும் என்று பென்சிலால் முதுகில் குறித்து ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள். சுற்றின் பட்டியலில் உங்கள் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி