எச்சரிக்கை வாசகம் போதாது

ஆசிரியருக்கு,

2011இல் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் ‘ஆல் ஆஃப் தி லைட்ஸ்’ பாடல் காணொளி, அதன் பளிச்சிடும் ஒளியால் வலிப்பைத் தூண்டக்கூடும் என்று பிரிட்டனில் எதிர்ப்பு எழுந்தது. தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். பாதியில் பார்க்க நேர்பவர் கண்ணில் அது படாதே! சரிசெய்ய வேண்டிய இடம் எடிட்டிங் மேசை.

நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிடக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. நொடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் காணொளியில் வெள்ளையும் கறுப்பும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினால், நொடிக்கு 12 முறையாவது பளிச்சிடும். அடர் சிவப்பு இன்னும் ஆபத்தானது. ஒவ்வொரு பளிச்சிடலையும் ஒன்பது ஃபிரேமாவது தள்ளி வையுங்கள், வெள்ளையைச் சாம்பலாக்குங்கள், ஒளியைத் திரையின் சிறு மூலைக்குள் அடக்குங்கள். தாளத்தின் வேகத்தை வெட்டுகளும் நடன அசைவுகளுமே தாங்கிக்கொள்ளும். இதைப் படைப்புரிமையில் தலையீடு என்பது சரியல்ல.

– ஒரு படத்தொகுப்பாளர், சென்னை