பி ஃபாரம் கைக்கு வரும் வரை

பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நீ கேட்டிருந்த கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுத மனம் வராததால் இன்று வரை தள்ளிப்போட்டேன். உன் அக்கா மகன் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் தன் கட்சியிடம் சீட்டுக் கேட்கப் போகிறான். இருபது ஆண்டுகளாகக் கொடி பிடித்தவனைக் கட்சி எதை வைத்து எடைபோடும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறான். நீ அதை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாய். சிவாஜிநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அரசியல் ஞானம் எங்கிருந்து வரும் என்று சிரிக்காதே. தேர்தல் நெருங்கும் மாதங்களில் சொத்து விவரம் எழுதவும் வருமான வரிக் கணக்கைச் சரிபார்க்கவும் எங்கள் படியேறாத கட்சிக்காரர் இந்த வட்டாரத்தில் குறைவு. அவர்கள் கொண்டுவந்த விண்ணப்பத் தாள்களை நிரப்பியவன் நான்.

ஒரு கட்சியின் விண்ணப்பத்தை இன்றும் வரி பிசகாமல் சொல்வேன். கட்சியின் பெயர் வேண்டாம். தொகுதியில் எந்தச் சாதியார் எத்தனை பேர், விண்ணப்பதாரர் எந்தச் சாதி, கடந்த இரண்டு தேர்தல்களில் பூத் வாரியாகக் கட்சி வாங்கிய வாக்குகள் எத்தனை, விண்ணப்பதாரர் வேறு கட்சியில் இருந்ததுண்டா, இருந்தால் எப்போது விலகினார், நிலுவையில் வழக்குகள் உண்டா, தேர்தல் செலவைத் தாங்கும் சக்தி உண்டா என்று கட்டங்கள் வரிசையாக வரும். செய்த பணிகளை எழுதுவதற்குக் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி இடம் இருக்கும். முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் ஒருவர், அந்த மூன்று வரி போதாது என்று, தம் வார்டில் போட்ட சாக்கடை, மாற்றிய பள்ளிக்கூரை, மீட்ட விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் தேதியோடு பதினொரு பக்கம் தட்டச்சு செய்து இணைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "எஷ்டு ஹாக்தீரா?" என்று மட்டும் கேட்டார்களாம்; எவ்வளவு பணம் இறக்குவாய் என்று பொருள். இணைப்பின் மூலையில் நான் அடித்த பின்னூசி பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தது.

ஆகவே உன் மருமகனிடம் முதலில் இதைச் சொல்: கட்சி அவனிடம் கேட்கப்போவது ஜெயிப்பாயா, செலவழிப்பாயா, சொன்ன பேச்சைக் கேட்பாயா என்ற மூன்றுதான். இருபது ஆண்டு உழைப்பு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குச் சான்றாக மாறினால் ஒழிய அதற்கு மதிப்பெண் கிடையாது.

படிகள் எவை என்று கேட்டிருந்தாய். உங்கள் தமிழ்நாட்டுக் கட்சிகளில் விருப்ப மனு, கட்டணம், தலைமை அலுவலகத்தில் நேர்காணல் என்று முடிந்துவிடும் காரியம், டெல்லியைத் தலைமையகமாகக் கொண்ட கட்சிகளில் இன்னும் சுற்றி வரும். காங்கிரஸில் மாநிலத் தேர்தல் குழு பெயர்களைச் சுருக்கி அனுப்ப, மேலிடம் அமைக்கும் பரிசீலனைக் குழு அதை மேலும் சுருக்க, மத்தியத் தேர்தல் குழு இறுதி செய்யும். பாரதிய ஜனதாவிலும் மாநில அளவில் வடிகட்டிய பட்டியல் அதன் மத்தியத் தேர்தல் குழுவுக்குத்தான் போகிறது. கட்டணமும் சிறிதில்லை, 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலுக்குக் காங்கிரஸ் விண்ணப்பத்துக்கு 5,000 ரூபாயும் அதனுடன் பொதுப் பிரிவினரிடம் 2 லட்ச ரூபாய் வரைவோலையும் வாங்கியது. இவற்றுக்கு நடுவே யாரும் கையெழுத்திடாத ஒரு சர்வே அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும். சீட்டுக் கிடைக்காதவர்கள் எல்லோரும் அந்தச் சர்வேயில்தான் விழுந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படும். அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் முடிந்தது என்று அவன் பட்டாசு வாங்கிவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் கட்சி வேட்பாளர் ஆவது, 'இவரே எங்கள் வேட்பாளர்' என்று கட்சி எழுதித் தரும் பி ஃபாரம் வந்த பிறகுதான். இங்கே கன்னடர், தமிழர், உருதுக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வாயிலும் அந்த ஆங்கில எழுத்துதான் புழங்குகிறது, "பி ஃபாரம் பந்தா?" (வந்ததா?) என்பதே தேர்தல் மாதத்தின் குசல விசாரிப்பு. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, அந்தத் தாள் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். அதிகாரம் பெற்றவர் மையால் இட்ட அசல் கையெழுத்து இருக்க வேண்டும். முத்திரைக் கையெழுத்து செல்லாது. ஒருவருக்குக் கொடுத்ததை ரத்து செய்து மற்றொருவருக்குக் கொடுக்கவும் அந்த நேரம் வரை கட்சிக்கு உரிமை உண்டு. கடைசி நாள் மதியம் சாப்பிடாமல் நின்ற வேட்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் மூடிய அறையில் நடக்கிறதே, கட்சிக்காரர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தால் என்ன என்று நீ கேட்டிருக்கிறாய். எங்கள் தொகுதியிலேயே அது நடந்தது. நான் இருக்கும் ஃப்ரேசர் டவுன் புலிகேசிநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அது பெங்களூரு வடக்கு மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி. 2014 தேர்தலுக்கு முன்பு ராகுல் காந்தியின் முயற்சியால் நாட்டில் சுமார் பதினைந்து தொகுதிகளில் காங்கிரஸ் உட்கட்சி முன்தேர்தல் நடத்த முனைந்தது. பத்திரிகைகள் அதைப் 'பிரைமரி' என்றே எழுதின. கர்நாடகத்தில் பெங்களூரு வடக்கும் தட்சிண கன்னடமும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இங்கே சி.நாராயணசாமியும் பி.எல்.சங்கரும் மோதி, நாராயணசாமி வென்றார். மங்களூரைக் கொண்ட தட்சிண கன்னடத்தில் ஜனார்த்தன பூஜாரி, அப்போதைய மத்திய அமைச்சர் வீரப்ப மொய்லியின் மகன் ஹர்ஷ மொய்லியை வென்றார். பெரிய இடத்துப் பிள்ளை என்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பதை அந்த முடிவு காட்டியது. அதற்காக அந்த ஏற்பாட்டுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

ஆனால் யார் வாக்களித்தார்கள் என்று பார். என் தெருமுனையில் மூன்று தலைமுறையாகக் கை சின்னத்துக்கே குத்தும் தையற்காரருக்கு வாக்குச்சீட்டு வரவில்லை. வட்டார, மாவட்ட நிர்வாகிகள், உள்ளாட்சி உறுப்பினர்கள், கட்சியின் துணை அமைப்புகளின் பொறுப்பாளர்கள் என்று ஒரு பட்டியல் தயாரானது, அவர்கள்தாம் வாக்காளர்கள். நிர்வாகிகளை நியமிப்பது மாநிலத் தலைமை. ஆகவே பட்டியலை யார் எழுதுகிறாரோ அவர் முதல் வடிகட்டலை முடித்துவிடுகிறார்; பெட்டியில் விழும் வாக்கு இரண்டாம் வடிகட்டல்தான். போட்டியிட அனுமதி பெறுவதற்கும் மேலே ஒப்புதல் வேண்டும். பொதுத்தேர்தலில் நாராயணசாமி, பாரதிய ஜனதாவின் சதானந்த கௌடாவிடம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார், பூஜாரியும் தோற்றார். அந்த ஆண்டின் அலையில் எந்த முறையில் தேர்ந்த வேட்பாளரும் மூழ்கியிருப்பார் என்பதால் தோல்வியை முன்தேர்தலின் தலையில் கட்டுவது நியாயமாகாது. குஜராத்தின் வதோதரா கதைதான் எனக்கு உறுத்துகிறது. அங்கே முன்தேர்தலில் நரேந்திர ராவத் வென்றார். பாரதிய ஜனதா அதே தொகுதியில் நரேந்திர மோடியை நிறுத்தியதும், ராவத் விலகிக்கொள்ள, கட்சி மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தியது. மோடி 5,70,128 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்களித்துத் தேர்ந்தவரை இப்படி மாற்ற முடியுமென்றால் அந்த வாக்குப்பெட்டி எதற்கு?

உன் மகள் இங்கிலாந்தில் இருப்பதால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நீ நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. பாதி உண்மை. 2009இல் டாட்னஸ் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சி, கட்சி பேதமின்றித் தொகுதியின் எல்லா வாக்காளர்களுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ நான்கில் ஒருவர், அதாவது பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அதை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அரசியலுக்குப் புதியவரான சாரா வொல்லாஸ்டன் என்ற குடும்ப மருத்துவர் வென்றார். 2010இல் நாடாளுமன்றமும் சென்றார். அங்கேயும் மூன்று பெயர்களைப் பொறுக்கித் தந்தது கட்சிதான் என்பதைக் கவனி. அதற்கும் முன்னால், அங்கீகரிக்கப்பட்டவர் பட்டியலில் சேரவே அந்தக் கட்சி ஒரு மதிப்பீட்டுத் தேர்வை வைத்திருக்கிறது. அம்மையார் தம் மனத்தில் பட்டதைப் பேசினார். 2019இல் கட்சியை விட்டே வெளியேறினார். 2010 கூட்டணி அரசு இப்படி 200 தபால் முன்தேர்தல்களுக்கு நிதி தருவதாக எழுத்தில் வாக்களித்தது. அது நடக்கவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பாயா என்ற மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாத வேட்பாளரை எந்த ஊர்க் கட்சியும் விரும்புவதில்லை என்பது என் துணிபு. ஜெர்மனியிலோ, வேட்பாளரை உறுப்பினரோ அவர்கள் தேர்ந்த பிரதிநிதிகளோ இரகசிய வாக்கெடுப்பில் தேர வேண்டும் என்று தேர்தல் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. நம் சட்டக் கமிஷனும் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொன்னது. சொன்னதோடு சரி.

நீ வரலாற்று ஆசிரியன். இந்த இடத்தில் உத்திரமேரூரை இழுப்பாய் என்று தெரியும். மேடைக்கு மேடை தேய்ந்துபோன உதாரணம், அதுவும் நிலமும் வேதப்படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை. இருந்தாலும் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். குமாஸ்தா புத்தி, கணக்கு என்றால் கண் அங்கே போய்விடுகிறது.

நம் காலத்தில் அப்படி ஒரு விதியை உச்ச நீதிமன்றம் கொண்டுவரப் பார்த்தது. 2020 பிப்ரவரி 13 அன்று, குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை வேட்பாளராக்கும் கட்சி, அந்த வழக்குகளோடு அவரை ஏன் தேர்ந்தது, வழக்கில்லாதவரை ஏன் தேரவில்லை என்ற காரணத்தையும் வெளியிட வேண்டும் என்றது. அந்தக் காரணம் தகுதி, சாதனை, திறமை பற்றியதாக இருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு என்பது மட்டும் காரணமாகாது. ஜெயிப்பாயா என்ற அந்த முதல் கேள்வியை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதுபோல் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 2020 பீகார் தேர்தலில் அந்த உத்தரவைச் சரிவரப் பின்பற்றாததற்காக, 2021 ஆகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்கு அபராதம் விதித்தார்கள். சிலவற்றுக்கு 1 லட்சம், இரண்டுக்கு 5 லட்சம். ஒரு மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலத்தில் 95 லட்சம் வரை செலவழிக்கலாம் என்றிருக்கும்போது இந்தத் தொகை எங்கே உறைக்கும்? இந்தக் காரணத்தைச் சொல்ல சி-7 என்ற படிவத்தில் கட்சிகள் தரும் விளம்பரங்களைப் பத்திரிகையில் நான் தேடிப் படிப்பதுண்டு. மக்கள் செல்வாக்கு மிக்கவர், வழக்குகள் அரசியல் உள்நோக்கம் கொண்டவை என்ற இரண்டு வாக்கியங்கள் பெயர் மாறிப் பெயர் மாறி வருகின்றன. அச்சுக்கூலியாவது யாருக்கோ கிடைக்கிறது.

எந்த வடிகட்டலிலும் அகப்படாத ஒன்றும் உண்டு. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் அக்ஷய் பம், மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் விலகி, எதிர்த்து நின்ற பாரதிய ஜனதாவோடு போய்விட்டார். காங்கிரஸ் நோட்டாவுக்குக் குத்தச் சொல்ல, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குத்தினார்கள். 2014இல் முன்தேர்தலுக்குத் தேர்ந்தெடுத்த தொகுதிகளில் இந்தூரும் ஒன்று என்பதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை. சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்கள் தங்கள் கையெழுத்தே அல்ல என்று சொல்லிவிட, அவர் மனு தள்ளுபடியாகி, மற்ற வேட்பாளர்களும் விலகிக்கொள்ள, பாரதிய ஜனதாவின் முகேஷ் தலால் போட்டியின்றி வென்றார். உன் மருமகனிடம் சொல்: முன்மொழிபவர்களைக் கட்சி பொறுக்கித் தரட்டும் என்று விட்டுவிடாதே, உன் வீட்டில் சாப்பிட்டவர்களாகப் பார்.

இனி என்னால் ஆகக்கூடிய உதவி. பிரமாணப் பத்திரமான படிவம் 26ஐ அவன் இப்போதே நிரப்பத் தொடங்கட்டும். தனக்கும் மனைவிக்கும் கடைசி ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, நகை, நிலம், கடன், அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி எல்லாம் அதில் வரும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும், 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. வரைவை எனக்குத் தபாலில் அனுப்பச் சொல், கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் தருகிறேன். அவன் மீது ஒரு ரயில் மறியல் வழக்கு இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அது முடிந்ததா, நிலுவையா? எந்த நீதிமன்றம், என்ன எண், குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்றா என்று நாளைக்கே விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்.