ஒரு சாண் அகலத் தறி

கோரோகோ, ஐவரி கோஸ்ட்

அன்புள்ள கதிர்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே முந்திரி சீசன் ஓய்ந்துவிட்டது. வாங்கிய மூட்டைகள் தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறிவிட்டன. கொஞ்சம் நேரம் கிடைப்பதால் பக்கத்தில் இருக்கும் வரனியேனே என்ற நெசவாளர் ஊருக்கு அடிக்கடி போய்வருகிறேன். அதைச் சென்னிமலைக்காரனான உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

அங்கே நெய்பவர்கள் ஜூலா மக்கள். முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக வியாபாரமும் நெசவும்தான் தொழில். சுற்றியிருக்கும் செனூஃபோ மக்கள் உழவர்கள். அவர்கள் வீட்டில் இறந்தவர் உடலைச் சுற்றுவதற்கும் ஜூலாக்கள் நெய்த துணி வேண்டும்.

தறியை நீ பார்க்க வேண்டுமடா. கம்பு நட்டுக் கட்டியது. பாவு, அதாவது நீளவாட்டு நூல், பல மீட்டர் தூரத்துக்குத் தரையோடு நீண்டு கிடக்கும். அதன் கோடியில் கல் ஏற்றிய சறுக்குப் பலகை. நெய்து சுருட்டச் சுருட்ட அந்தக் கல் மண்ணில் உரசியபடி நெசவாளரை நோக்கி நகர்ந்து வரும். பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது தொங்கும் மரக் கப்பியில் பறவைத் தலை செதுக்கியிருந்தார்கள். துணியின் அகலமோ 10 முதல் 15 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட வராது!

அந்தப் பட்டையை நறுக்கி, கரையோடு கரை சேர்த்துத் தைத்தால்தான் அது போர்வையாகும். வித்தையே அங்கேதான் இருக்கிறது. பெரியவர் ஒருவர் துணியோரம் ஒரு குச்சியை வைத்துப் பார்த்தார், குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை நூலை நிறுத்தினார், நீலத்தைப் போட்டார். அளவு விரற்கடை தப்பினாலும் பக்கத்துப் பட்டையோடு கட்டம் சேராது. இன்னும் தைக்காத போர்வை முழுவதும் அவர் மனக்கண்ணில் விரிந்து கிடக்கிறது. இதை வெறும் கைப்பழக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கிழக்கே கோங் என்ற பழைய ஜூலா நகரம் இருக்கிறது. 1888இல் பேன்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் போனபோது அங்கே நெசவும் அவுரிச் சாயமும் செழித்திருந்தன. 1897இல் மேற்கு ஆப்பிரிக்க மன்னர் சமோரி தூரேயின் படை அந்த ஊரை அழித்துவிட்டது. தறி மட்டும் சுற்றுப்புற ஊர்களில் பிழைத்துக்கொண்டது.

முன்பெல்லாம் நூல் நூற்றது பெண்கள். இப்போது பெரும்பாலும் ஆலை நூல். பழைய கைநூல் துணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்; முரடு, நல்ல கனம், இழைக்கு இழை தடிப்பு வேறு. ஆலை நூலில் அது வரவே வராது. நூற்கத் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே இளசுகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வரனியேனே போகும்போதெல்லாம் சொல்கிறேன்.

ஆடியில் ஊருக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒரு போர்வை சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை பட்டை சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள், கட்டில் அகலத்தை அளந்து எழுது.

அன்புடன்,
சேகர்