நன்னெறி வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நன்னெறி என்றாலே வாரம் ஒரு பீரியட், ஒரு கதை, கடைசியில் ஒரு நீதி என்று முடிந்துபோவதுதான் வழக்கம். இந்த ஆண்டு அப்படி முடியாமல் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதலில் வகுப்பாசிரியர்களுக்கு. ‘பொய் சொல்லலாமா?’ என்று கேட்டால் வகுப்பே ‘கூடாது’ என்று கோரஸாகச் சொல்லும். பேச்சு அதோடு தீர்ந்தது. அதற்குப் பதிலாக, ‘குழு வேலையில் ஒருவன் துரும்பைக்கூட அசைக்கவில்லை, மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. டீச்சரிடம் சொல்வதா, வேண்டாமா?’ என்று இரு பக்கமும் நியாயம் உள்ள கேள்விகளாகப் பார்த்துக் கொடுத்தீர்கள். 3 நிமிடம் தனியாக எழுதவிட்டு, பிறகு இருவர் இருவராகப் பேசவிட்டு, அதன்பின்தான் வட்டமாக உட்கார வைத்தீர்கள். எழுதாமல் நேரே வட்டத்துக்கு வந்தால், முதலில் வாய் திறக்கும் பிள்ளை சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். உங்கள் கருத்தைக் கடைசிவரை வெளிக்காட்டாமல் இருந்தீர்களே, இதில் மிகக் கடினமான வேலை அதுதான்.

கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்குத் தனி நன்றி. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக நடந்த பிள்ளை வேறோர் இடத்திலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே நேர்மையை அந்தந்தப் பாடத்திலேயே பழக்க வேண்டியிருக்கிறது. சிறு தேர்வுகளை வேறு நிற மையில் பிள்ளைகளே திருத்தட்டும், அந்த மதிப்பெண் ரேங்க் கார்டில் சேராது என்று நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய உதவி. மதிப்பெண் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை தப்பான விடையை அழித்து மாற்ற ரப்பருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சண்டைகளைக் கையாண்டவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். எல்லோர் முன்னும் நிறுத்தி ‘மன்னிப்புக் கேள்’ என்றால் வாய் ‘சாரி’ சொல்லும், மனசில் அவமானம் தங்கும். கோபம் அடங்கும்வரை காத்திருந்து, தனியாக அழைத்து நீங்கள் கேட்டது மூன்றே கேள்வி: என்ன நடந்தது? யாருக்கு என்ன பாதிப்பு? சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்? ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை சாக்குத் தேடத் தொடங்கிவிடும். நோட்டைக் கிழித்தவன் கிழிந்த பக்கங்களை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து இருவரையும் மறுபடி விசாரித்தீர்கள். பலரும் விட்டுவிடும் படி அது.

நற்பண்புக்கு ஸ்டார், பரிசு வேண்டாம் என்றபோது ஏற்றுக்கொண்ட பெற்றோருக்கும் நன்றி.

கண்டெடுத்த பொருள் பெட்டியைக் கவனித்துக்கொண்ட நூலகருக்கும் அலுவலக உதவியாளர்களுக்கும் நன்றி. பொருள், இடம், தேதி மூன்றையும் எழுதினீர்கள். எடுத்துக் கொடுத்தவர் பெயரை எழுதவில்லை. பெயர் எழுதிப் பாராட்டினால் நண்பனின் பென்சிலையே ‘கண்டெடுத்து’ வருவார்கள். அடுத்த ஆண்டும் அந்தப் பதிவேடு அப்படியே தொடரட்டும்.

நன்றியுடன்,
நன்னெறிக் கல்விக் குழு