மாட்டைப் பிடிக்கிறவருக்கும் ஊசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டெம்பர் 28 விசர்நோய் (ரேபிஸ்) தினத்தையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாய்க்கு ஏன் வருடா வருடம் ஊசி போடவேண்டும், கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும் என்றெல்லாம் நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஒன்றுதான் விடுபட்டுப் போனது. நாய்க்கு ஊசி போடுகிறவர் வைத்தியர், சரி. அந்த நாயைப் பிடித்துக் கொடுக்கிறவர் யார்? அவருக்கு யாராவது ஊசி போட்டார்களா?

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கால்நடை வைத்தியருக்கு உதவியாளாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த இந்த வேலைக்காரர்களில் நிரந்தர நியமனம் உள்ளவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் நாட்சம்பளத்துக்கு நிற்பவர்கள், அல்லது தடுப்பூசிக் காலத்தில் மட்டும் கூப்பிடப்படுபவர்கள். பட்டியில் மாட்டை மடக்கி மரத்தோடு கட்டுவது, கன்றைச் சாய்த்துப் படுக்கவைத்துக் காதுத்தோடு அடிக்கப் பிடிப்பது, இரத்தம் எடுத்த குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்து பஸ் ஏற்றுவது எல்லாம் நாங்கள். வேலை பிடிக்காமல் இதை எழுதவில்லை. மிரண்ட நாம்பனைச் சத்தம் போடாமல் நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

விசர் என்றால் எல்லோரும் நாயை மட்டும் நினைக்கிறார்கள். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் அது வரும். மாட்டுக்கு வந்தால் கடித்துக் கலைக்கும் என்றில்லை. வாயால் நூல் நூலாக வீணி வடியும். குரல் அடைத்துப்போய் இழுத்து இழுத்துக் கத்தும். தண்ணீரை முகர்ந்துவிட்டு விழுங்க முடியாமல் நிற்கும். பார்த்தால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போலவே இருக்கும். பனம்பழக் காலத்தில் மாடு பனங்கொட்டையை விழுங்கி அடைத்துக்கொள்வது உண்மையாகவே நடக்கிற காரியம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் ஒரு பட்டியில், “தம்பி, கொட்டை அடைச்சுப் போட்டுது, கையை விட்டு எடுத்துவிடு” என்று மாட்டுக்கார ஐயா கூப்பிட்டார். வைத்தியர் வேறு ஊரில் நின்றார். என்னோடு வேலை செய்யும் பொடியன் முழங்கை வரை கையை விட்டுத் தேடினான். கொட்டை இல்லை. மாடு இரண்டொரு நாளில் செத்தது. கொழும்புக்கு அனுப்பிய தலையில் விசர் என்று முடிவு வந்தது.

பொடியன் ஆஸ்பத்திரிக்குப் போனான். “எந்த நாய் கடித்தது?” என்று கேட்டார்கள். நாய் கடிக்கவில்லை, மாட்டின் வாய்க்குள் கை விட்டேன் என்றான். “அப்ப கடிகாயம் இல்லையே” என்று வாங்கில் இருத்திவிட்டார்கள். அவனுடைய கையில் முதல்நாள் முள்வேலி கிழித்த கீறல் இருந்தது. கீறலில் எச்சில் பட்டாலே போதும், கடித்ததற்குச் சமம். வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊசி தொடங்கினார்கள். அவன் இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டால் விசருக்கு மருந்து இல்லை என்று தெரிந்த ஒருவன் அந்த வாங்கில் எப்படி இருந்திருப்பான்?

அந்தத் தலை விசயத்தையும் சொல்லவேண்டும். விசரை உறுதிப்படுத்த மூளைதான் வேண்டும். ஆகவே தலையை வெட்டி, பொலித்தீன் பையில் கசியாமல் கட்டி, ஐஸ் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். கத்தி பிடிப்பது பெரும்பாலும் எங்களில் ஒருவர்.

விசர் ஒன்று மட்டும் என்றாலும் பரவாயில்லை. கன்று கரைந்த பசுவின் இளங்கொடி விழாவிட்டால் அதை எடுக்கும்போது, மாட்டைக் கன்று கரையவைக்கும் புரூசெல்லோசிஸ் என்ற கிருமிநோய் நமக்கும் தொற்றலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு நோ, மூட்டு நோ என்று மாதக்கணக்கில் இழுக்கும். மலேரியாவா டெங்குவா என்று பார்த்துக்கொண்டே காலம் போய்விடும். (இளங்கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது உமலுக்குப் பதில் உரப்பை. கரைந்த கன்றின் கொடியை மட்டுமாவது சுண்ணாம்பு போட்டு ஆழமாகத் தாட்டுவிடுங்கள்.) இந்த நோய்க்கு நாகு கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள கிருமி. கன்று துள்ளி ஊசி கையில் ஏறினால் அதுவே ஆளுக்கு நோயாகலாம்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். குளிர்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தெரியாத நாட்களில் மழைக்குள் நின்று அந்த உடல்களைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். என்ன நோய் என்று தெரிந்துகொண்டு யாரும் கத்தியை எடுக்கவில்லை.

வயலுக்கு இறங்கும் கமக்காரருக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல வேலை. அந்தக் கிருமி மூத்திரத்தால் பரவுவது; மாட்டு மூத்திரத்தில் நாளும் பொழுதும் நிற்கிறவனும் அதே ஆபத்தில்தான் நிற்கிறான். ஆனால் நான் முதலில் கேட்பது விசர்த் தடுப்பூசியைத்தான். கடிபடும் முன்பே போடுவதென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி இரண்டு ஊசி போதும், ஒரு வார இடைவெளியில். அப்படிப் போட்டவர் பிறகு கடிபட்டாலும் இன்னும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். காயத்தைச் சுற்றிப் போடும் விலை கூடிய சீரமும் தேவைப்படாது. செலவைப் பார்த்தாலும் இதுதான் இலாபம்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கால்நடை வைத்திய அலுவலகம் தன்னோடு வேலை செய்கிறவர்களின் பெயர்களை, நாட்சம்பளக்காரரையும் சேர்த்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த நாய்த் தடுப்பூசி வேலை தொடங்க ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தால் இரண்டு ஊசியையும் போட்டு முடிக்கலாம். கூடவே தோள்வரை வரும் கையுறை ஒரு பெட்டி. எங்கள் பகுதியில் அது முடிந்தால் அடுத்த பெட்டி வரும்வரை சொப்பிங் பையைத்தான் கையில் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
கால்நடை உதவியாளர் ஒருவர் (பெயரைப் போடவேண்டாம்),
ஒட்டுசுட்டான்.